ரசனை கெட்டுவிட்டது என்ற பதில்

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மாலை, கவிதை எழுதுகிற நண்பர் ஒருவரை வழியனுப்ப எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவர் முழுக்க ஒரே நடிகரின் முகம். டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டும், வந்து நின்ற பஸ்ஸில் ஓடிய பாட்டும் ஒரே இசையமைப்பாளருடையவை. நண்பர் சலிப்போடு, "ஜனங்களோட ரசனை கெட்டுப்போச்சு" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான், எதற்காகத் தலையை ஆட்டினேன் என்ற யோசனை வந்தது.

இந்தப் பதில் நமக்குப் பரம்பரைச் சொத்து. 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்ததற்கு முன்பிருந்தே, க.நா.சு.வின் கட்டுரைகளிலிருந்தே, சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் இதைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் இதை எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று முறை, கொஞ்சம் காரமாகவே. சொல்லும்போது சுகமாக இருக்கும் பதில் இது. சொல்பவன் தன்னை அந்த 'ஜனங்க'ளிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டுவிடுகிறான் அல்லவா.

ஆனால் இது எந்தக் கேள்விக்குப் பதில்? கெட்டுப்போன ரசனை ஆயிரம் விதமாகக் கெட்டுப்போகலாம். ஒருவனுக்கு ஒரு மட்டமான பாட்டு, அடுத்தவனுக்கு வேறொரு மட்டமான பாட்டு என்று சிதறிக் கிடக்கலாம். ஏழு கோடிப் பேரின் ரசனையும் கெட்டு, ஒரே இடத்தில் போய்க் குவிவானேன்? விளக்க வேண்டியது மட்டத்தை அல்ல, குவிதலை. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். நாம் இத்தனை வருஷமாக முதலாவதைப் பற்றிப் பேசிக்கொண்டு, இரண்டாவதையும் விளக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். போதாததற்கு, குவிந்த இடமெல்லாம் மட்டமானதாகவும் இல்லை. தியாகராஜ பாகவதரும் டி.எம். சௌந்தரராஜனும் 1976 'அன்னக்கிளி'க்குப் பிறகு பதினைந்து வருஷம் தமிழ்நாட்டின் காதைத் தன் கையில் வைத்திருந்த இளையராஜாவும் கெட்ட ரசனையின் உற்பத்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது. நண்பருக்கும் வராது, அவர் இளையராஜா பக்தர்.

இந்தக் குவிதலைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆல்ஃப்ரெட் மார்ஷல் தன் புகழ்பெற்ற நூலில் போகிறபோக்கில் ஒரு பாடகியைக் குறிப்பிடுகிறார். எலிசபெத் பில்லிங்டன் என்ற அந்தப் பெண்மணி லண்டனில் 1801-ஆம் வருஷப் பருவத்தில் பத்தாயிரம் பவுனுக்கு மேல் சம்பாதித்ததாகச் சொல்வார்கள். மார்ஷலின் எண்ணம், மனிதக் குரல் எட்டுகிற தூரம் இவ்வளவுதான் என்று இருக்கிறபோது எந்தப் பாடகரும் இதற்கு மேல் பெரிதாகப் போய்விட முடியாது என்பது. ஒரு கொட்டகைக்குள் எத்தனை பேர் உட்கார முடியும்? நியாயமான கணக்கு. எடிசனின் போனோகிராஃப் 1877-லேயே வந்துவிட்டது. அதற்குள் என்ன ஒளிந்திருந்தது என்பது அவருக்குப் புலப்படவில்லை, அவ்வளவுதான். 1981-ல் ஷெர்வின் ரோசன் என்ற சிகாகோ பேராசிரியர் இந்த இடத்திலிருந்து ஆரம்பித்து நட்சத்திரங்களின் பொருளாதாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு முறை பாடியதைச் செலவில்லாமல் லட்சம் முறை பிரதி எடுக்க முடிந்தால், முதல் பாடகனுக்கும் இரண்டாம் பாடகனுக்கும் நூலிழை வித்தியாசம் இருந்தாலும் சந்தை முழுக்க முதலாமவனிடம் போய்விடும் என்பது அதன் சாரம். இரண்டாம் தரமான பாட்டைக் கேட்பதற்கு யாருக்கும் மலிவாக எதுவும் கிடைப்பதில்லை. முதல் தரமும் அதே விலைதான். அமெரிக்கக் கச்சேரி வருமானத்தில் மேல்மட்டத்து நூற்றுக்கு ஒருவர் 1982-ல் எடுத்துக்கொண்ட பங்கு 26 சதவீதம். 2003-ல் அது 56 சதவீதம் என்று ஆலன் க்ரூகர் கணக்குப் போட்டிருக்கிறார். இது இசைத்தட்டுக் கணக்குகூட இல்லை, நேரில் போய்க் கேட்கும் கச்சேரியின் கணக்கு. பிரதியினால் பெருத்த பெயர் பிரதி இல்லாத இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த விளக்கத்தை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து ஒட்டலாம். ஒட்டவும் ஒட்டும், ஒரு எல்லை வரை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடக மேடையில் ராஜபார்ட் நடிகன் ஒரு ராத்திரிக்கு ஒரு ஊரில்தான் நிற்க முடியும். எஸ்.ஜி. கிட்டப்பா எவ்வளவு பெரிய ஆளானாலும், அவர் திருநெல்வேலியில் பாடுகிற ராத்திரி கும்பகோணத்து மேடை வேறொரு ராஜபார்ட்டுக்கு. அந்த வேறொருவன் கிட்டப்பாவுக்குச் சமம் இல்லை. ஆனால் அவனுக்கும் ஒரு ஊர் இருந்தது, ஒரு ராத்திரி இருந்தது, அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு பையன் இருந்தான். கிட்டப்பா 1933-ல் இருபத்தேழு வயதில் இறந்துபோனார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு 1944 தீபாவளிக்கு வெளியான பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. இடைப்பட்ட காலத்தில் கும்பகோணத்து ராஜபார்ட்டுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ரோசனின் விளக்கத்தில் எனக்கு ஒரு போதாமை இருக்கிறது. பிரதி எடுக்கும் சாதனம் வந்தது, குவிந்தது, முடிந்தது என்று அது நிறுத்திக்கொள்கிறது. எங்கே, யார் மீது குவிந்தது? பாகவதர் காலத்தில் நடிகனே பாட வேண்டும். பின்னணிப் பாட்டு வந்ததும் குரல் உடம்பிலிருந்து கழன்றுகொண்டது. 1954-ல் ஒரே வருஷத்தில் டி.எம். சௌந்தரராஜன் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். அதற்கடுத்த இருபது வருஷம் இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் தியேட்டர் வாசலில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். உள்ளே திரையில் இருவருக்கும் பாடிய தொண்டை ஒன்றுதான். அந்தச் சண்டையில் இதைச் சொல்லி யாரும் சமாதானம் பண்ணிவைத்ததாகத் தெரியவில்லை. பெண் குரலில் இது இன்னும் தீவிரம். பி. சுசீலாவை 1960களிலிருந்து பாடிய 17,695 பாடல்களுக்காக கின்னஸ் 2016-ல் அங்கீகரித்தது. ஒரு மனுஷியின் ஒரு ஆயுளில் இத்தனை பாட்டு என்பதைக் கொஞ்ச நேரம் நின்று யோசிக்க வேண்டும்.

இது ஏன்? குரல் இனிமை என்பார்கள். இனிமைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்நாளைய ஒலிப்பதிவுக் கூடத்தை யோசித்துப் பாருங்கள். டிராக் டிராக்காகப் பிரித்துப் பதிவு செய்யும் வசதி இல்லை. முப்பது நாற்பது வாத்தியக்காரர்கள், கோரஸ், பாடகி எல்லாருமாக ஒரே மூச்சில் வாசித்துப் பாடி முடிக்க வேண்டும். மூன்றாவது சரணத்தில் பாடகி ஒரு ஸ்வரம் பிசகினால் முதலிலிருந்து எல்லாரும். வாத்தியக்காரர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் சம்பளம் ஏறிக்கொண்டே போகும். இந்த இடத்தில் தயாரிப்பாளர் தேடுவது இனிமையான குரலை மட்டும் அல்ல, பிசகாத குரலை. ஒரு புதுப் பெண்ணை நம்பி நாற்பது பேரை உட்கார வைக்க எவனுக்கும் தைரியம் வராது. தைரியம் வராததால் அந்தப் பெண்ணுக்குப் பழக்கம் வராது; பழக்கம் வராததால் அடுத்த முறையும் தைரியம் வராது. ஆக, ஒரு தலைமுறையின் காதல், சோகம், தாலாட்டு எல்லாவற்றையும் இரண்டு மூன்று தொண்டைகள் சுமந்ததற்கு மைக்கும் கால்ஷீட்டும் முக்கால் காரணம். இது சுசீலாவைக் குறைத்துச் சொல்வதல்ல. அந்தக் கூடத்தில் அப்படிப் பிசகாமல் நின்றது சாதாரணக் காரியமா.

இதற்கு எதிர்ச்சோதனையும் நம்மிடமே இருக்கிறது. வரிவரியாகப் பதிவு செய்து பிறகு கோத்துக்கொள்ளும் வசதி வந்தது. 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு ஏ.ஆர். ரஹ்மான் வரிசையாகப் புதுக் குரல்களைக் கொண்டுவந்தார்: மின்மினி, ஷாகுல் ஹமீது, சுரேஷ் பீட்டர்ஸ், உன்னிகிருஷ்ணன். பிசகினால் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடினால் போதும் என்று ஆனபோது, குரலின் ஏகபோகம் உடைந்தது. உடைந்து என்ன ஆயிற்று? குவிதல் ஒழிந்ததா? இல்லை, ஒரு படி மேலே ஏறி இசையமைப்பாளர் தோளில் உட்கார்ந்தது. சுசீலா பாடல், டி.எம்.எஸ். பாடல் என்று கேட்டவர்கள் ஏற்கெனவே இளையராஜா பாடல் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். இப்போது முழுக்க ரஹ்மான் பாடல், பிறகு அனிருத் பாடல் என்று ஆயிற்று. பாடுகிறவர் யார் என்று இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் கேட்டால் பாதி நேரம் தெரியவில்லை. ஒரு வாசலை உடைத்தால் கூட்டம் அடுத்த வாசலில் போய் முட்டுகிறது.

தியேட்டரிலும் இதே கதை. நான் சிறுவனாக இருந்தபோது படம் என்பது கனமான தகரப் பெட்டிகள். பிரிண்ட் போடுவது செலவு, அதனால் எண்ணிச் சுட்ட பணியாரம். சென்னை, மதுரை, கோவையில் ஓடி, பிறகு 'பி' சென்டர், கடைசியில் கோடு கோடாகக் கீறல் விழுந்து எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ். இரண்டு கொட்டகைக்கு ஒரு பிரிண்ட் என்றால், ஒன்றில் ஓடி முடித்த ரீலை ஒருவன் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்ததற்கு மிதிப்பான். அவன் டயர் பஞ்சரானால் இடைவேளை நீளும். இதில் ஒரு விஷயம் அப்போது நமக்குத் தெரியவில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று இரண்டே பெயர்கள் ஆண்ட காலத்திலும், ஒரு குறிப்பிட்ட ராத்திரியில் தமிழ்நாட்டின் ஊர்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் ஆறு வருஷம் பழைய படம். பக்கத்து ஊரில் ஜெமினி கணேசன். அதற்கடுத்த ஊரில் யார் எடுத்தார் என்றே தெரியாத ஒரு மாயாஜாலப் படம். பற்றாக்குறை செய்த பன்மை இது. அதைப் பன்மை என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். புதுப் படம் வரவில்லையே என்பதுதான் எங்கள் ஏக்கம்.

2005-க்குப் பின் டிஜிட்டல் திரையிடல் மெல்ல வந்து, அடுத்த பத்து வருஷத்துக்குள் தகரப் பெட்டியை ஒழித்தது. பிரிண்ட் செலவு போய்விட்டது, இனி சின்னப் படக்காரனுக்கு விடிவுகாலம் என்று பலர் எழுதினார்கள். நானும் நம்பினேன். வருஷத்துக்கு வெளியாகும் படங்களின் எண்ணிக்கை ஏறத்தான் செய்தது. ஆனால் பெரிய படத்துக்கும் பிரிண்ட் செலவு போய்விட்டது என்பதை நாம் யோசிக்கவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே நாளில் ஒரே படம் போட எந்தத் தடையும் இல்லை. முதல் மூன்று நாளில் போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்பதே வியாபார சாஸ்திரமாயிற்று. 2023-ல் 'ஜெயிலர்' வந்த வாரத்திலும் 'லியோ' வந்த வாரத்திலும் நான்கு திரை உள்ள வளாகத்துக்குப் போனவனுக்கு இந்த சாஸ்திரத்தை விளக்க வேண்டியதில்லை. சின்னப் படத்துக்குக் காலைக் காட்சி ஒன்று கிடைக்கும்; திங்கட்கிழமை அதுவும் போய்விடும். முன்பு பிரிண்ட் பற்றாக்குறை. இப்போது பற்றாக்குறை நாட்களில்: பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை, அதிலும் முதல் வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமையை நிரப்பக்கூடிய முகம் மூன்றோ நான்கோதான் என்று பணம் போடுகிறவன் நம்புகிறான். நம்பி அந்த மூன்று நான்கு முகத்திலேயே போடுவதால், அவன் நம்பிக்கை பலிக்கிறது.

இந்த இடத்தில் மார்க்ஸீய நண்பர்கள் தயாராக இருப்பார்கள். அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1944-லேயே கலாசாரத் தொழில் பற்றி எழுதிவிட்டார்களே, பெருமூலதனம் தனக்கு வேண்டியதை ஜனங்கள் தலையில் கட்டுகிறது, இதில் என்ன புதிர் என்பார்கள். நான் மேலே சொன்னதில் பாதி அவர்கள் கட்சிக்கு சாட்சியம்தான். ஆனால் அவர்களிடம் நான் ஒரு புத்தகத்தைக் காட்ட விரும்புகிறேன்.

1950-லிருந்து 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' இன்று யாருக்கும் சொந்தமில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாம். தமிழ்நாடு அரசு இப்படி நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்கள் நூற்றுக்கும் மேல். 1949-ல் பாரதியிலிருந்து தொடங்கிய பட்டியல் அது. 2002-லிருந்து புதுமைப்பித்தனும் அதில் உண்டு. மூலதனம் கட்டிவைக்காத, வேலியில்லாத நிலம். இதில் என்ன விளைந்திருக்க வேண்டும்? நூறு எழுத்தாளர்களின் நூறு புத்தகங்களும் மலிவுப் பதிப்பில் புத்தகக் கண்காட்சியில் குவிந்திருக்க வேண்டும். குவிந்திருப்பதோ, கடைக்குக் கடை, பதிப்புக்குப் பதிப்பு, ஐந்து பாகமும் சேர்த்துக் கட்டிய அதே 'பொன்னியின் செல்வன்'. மணி ரத்னத்தின் படங்கள் 2022-லும் 2023-லும் வந்தது பிற்பாடு. அதற்கு முன்னாலேயே இப்படித்தான். இங்கே யார் யார் தலையில் எதைக் கட்டினார்கள்?

மோஷே அட்லர் என்பவர் 1985-ல் ரோசனுக்கு மாறாக ஒன்று சொன்னார். திறமையில் நூலிழை வித்தியாசம்கூடத் தேவையில்லை; எல்லாரும் சமமாக இருந்தாலும் ஒருவன் நட்சத்திரமாவான். ஏனென்றால் கலையை அனுபவிப்பது என்பதில் அதைப் பற்றி அடுத்தவனோடு பேசுவதும் அடக்கம். எனக்குத் தெரிந்ததும் உனக்குத் தெரிந்ததும் ஒன்றாக இருந்தால்தான் பேச முடியும். ஆகவே ஏற்கெனவே பலர் தெரிந்துவைத்திருப்பதையே நானும் தெரிந்துகொள்வது எனக்கு லாபம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. என் அத்தை பெண் நாற்பது வருஷமாக வந்தியத்தேவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். ரயிலில் எதிரில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்களோடு அதை வைத்து சிநேகம் பிடிக்கிறாள். நான் மௌனியைப் பற்றி ரயிலில் யாரோடும் பேசியதில்லை. அவள் ரசனை கெட்டது என்று நான் சொல்லிவந்தேன். அவள் வாங்கியது ஒரு நாவலை மட்டும் அல்ல, பேசுவதற்கு ஒரு ஊரை. கா. சிவத்தம்பி 1981-ல் தமிழ் சினிமா பற்றி எழுதிய சிறு புத்தகத்தில், சாதி பார்க்காமல் தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்ற கருத்தை வைக்கிறார். குவிதலுக்கு இப்படி ஒரு முகமும் இருக்கிறது. நம் கட்டுரைகளில் இந்த முகத்துக்கு இடமே கொடுத்ததில்லை.

அட்லர் சொன்னதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் வெளியிட்ட ஆராய்ச்சி. யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள்; கேட்க வந்தவர்கள் பதினாலாயிரத்துச் சொச்சம். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்துக்குள் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த எட்டு உலகங்களிலும் ஏற்றத்தாழ்வு அதிகமாயிற்று. மேலே போனது மேலும் மேலே போயிற்று. ஆனால் எட்டிலும் ஒரே பாட்டு மேலே போகவில்லை. தனித்துக் கேட்டவர்களிடம் 26-ஆவதாக நின்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம், மற்றொன்றில் நாற்பதாவது. மிக நல்லது அடியோடு தோற்பதில்லை, மிக மட்டமானது ஜெயிப்பதில்லை. நடுவில் உள்ள எல்லாவற்றுக்கும் எதுவும் நடக்கலாம். அப்படியானால் நாம் 'காலத்தின் தீர்ப்பு' என்று பவ்யமாகச் சொல்வதில் எவ்வளவு, முதலில் வந்து உட்கார்ந்த நாலு பேரின் தற்செயல்?

அந்த எட்டு உலகங்கள் என்பதுதான் என்னை விடவில்லை. எட்டும் தனித்தனியாக இருந்தவரை முதல் பாட்டு எட்டிலும் ஒன்றாக இல்லை. அவற்றை ஒன்றாகக் கலந்தால் ஒன்று. டூரிங் டாக்கீஸ் காலத்துத் தமிழ்நாடு அப்படிப் பல உலகங்களாக இருந்தது; இன்று ஒன்று. இதற்கு நடுவில் ஒரு பத்துப் பதினைந்து வருஷம் வேறு மாதிரி ஒன்று நடந்தது; அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரேடியோவில் முதலில் ஒரு வாசல்தான். 1952-ல் கேஸ்கர் மந்திரியானதும் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை விரட்டியது; ஜனங்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள்; 1957-ல் விவித பாரதி வர வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் எழுபதுகளிலும் இலங்கைதான். எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்டோம். எண்பதுகளில் கேசட் வந்தது. எங்கள் ஊர் மார்க்கெட் வீதியில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வந்தது. அறுபது நிமிஷக் கேசட்டும், ஒரு தாளில் பாட்டுப் பெயர்களும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார். அவர் கடையில் சினிமாவைத் தவிர எல்லாமும் இருந்தது: நாகூர் ஹனீபா, எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு, சூலமங்கலம் சகோதரிகள், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனின் நாட்டுப்பாடல், எங்கிருந்தோ வந்த ஒரு வில்லுப்பாட்டு, பக்கத்துத் தாலுக்கா நையாண்டி மேளம். பீட்டர் மானுவல் வட இந்தியக் கேசட் கலாசாரம் பற்றி 1993-ல் எழுதிய புத்தகம் இதையே பெரிய அளவில் சொல்கிறது. விற்பனையில் ஏறக்குறைய முழுதாக இருந்த சினிமாப் பாட்டின் பங்கு எண்பதுகளின் இறுதிக்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்று. வட்டாரப் பாடகர்களுக்கு ஒரு சந்தை திடீரென்று முளைத்தது. பிரதி எடுக்கும் சாதனம் குவிக்கத்தான் செய்யும் என்ற ரோசனின் விதி இங்கே தலைகீழாயிற்று. காரணம் எளிது. பிரதி எடுக்கும் யந்திரம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இல்லை, மார்க்கெட் வீதியில் இருந்தது.

அந்தக் கடைக்காரர் ஒரு காரியம் செய்வார். நாம் கொடுத்த பட்டியல் முடிந்து 'பி' பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிஷம் நாடா மிச்சம் இருந்தால், அதைக் காலியாக விட அவருக்கு மனசு வராது. தானாக ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். அது நாம் கேட்ட எதோடும் சம்பந்தம் இல்லாததாக இருக்கும். பாலமுரளிகிருஷ்ணாவை நான் முதலில் கேட்டது அப்படி. கொல்லங்குடி கருப்பாயியைக் கேட்டதும் அப்படித்தான். சில சமயம் சகிக்க முடியாத எதையாவது போட்டிருப்பார், போய்ச் சண்டை போட்டால், "ஒரு தடவ முழுசா கேட்டீங்களா தம்பி?" என்பார். நான் அவரை லட்சியப்படுத்தவில்லை. அவர் பதிந்து விற்ற எதற்கும் யாருக்கும் ஒரு பைசா கொடுத்ததில்லை. அது திருட்டு. பாடியவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் எனக்கும் பாட்டுக்கும் நடுவில் முகம் உள்ள, அபிப்பிராயம் உள்ள, தப்புச் செய்யக்கூடிய ஒரு மனிதர் நின்றார். எங்கள் ஊருக்கு அவர். அடுத்த ஊருக்கு வேறொருவர். கல்யாண வீட்டு மைக் செட்காரரும் அந்த ஜாதிதான்.

இன்று அந்த இடத்தில் இருப்பது செல்போன். கோடிக்கணக்கான பாட்டுகள், எல்லாம் எல்லாருக்கும். என் பட்டியல் முடிந்தால் அதுவும் தானாக ஒரு பாட்டைப் போடுகிறது. ஆனால் அது போடுவது, என்னைப் போன்றவர்கள் என்று அது கருதுகிற லட்சம் பேர் ஏற்கெனவே கேட்டதை. எட்டு உலகமும் கலந்த எண்ணிக்கை அது. பணப் பங்கீடும் அதே வழியில்: சந்தாப் பணம் முழுவதும் ஒரு குளத்தில் விழுந்து, மொத்தக் கேள்வியில் யார் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிகிறது. நான் மாதம் முழுக்க வில்லுப்பாட்டு கேட்டாலும் என் சந்தாவில் பெரும்பகுதி நான் கேட்காத நட்சத்திரத்துக்கே போகும். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபை, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது என்று விதி வைத்தது. காசு சொற்பம்தான். ஆனால் ஆயிரம் பேரைக் கொண்ட ஊர் இனி ஊர் இல்லை என்று ஒரு கணக்குப்பிள்ளை எழுதிவைத்தது போல எனக்கு அது பட்டது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, நம்ம விஷயம் வேற, நாம எண்ணிக்கை பார்க்கறதில்லை" என்றார். இல்லையா? க.நா.சு. பட்டியல் போட்டார். அவருக்குப் பின் வந்த ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலில் ஒரு பெயரை அடித்து ஒரு பெயரைச் சேர்த்தார்கள். மேலே இருந்த நாலு பெயரைத் தொட்டவர் இல்லை. முந்நூறு பேர் உள்ள உலகத்தில் எண்ணிக்கையைத் திரையில் காட்ட வேண்டாம். யார் யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் மௌனியைப் படித்ததே, படிக்காவிட்டால் உங்கள் யாரோடும் பேச முடியாது என்பதற்காகத்தான். பிறகு பிடித்தது, அது வேறு விஷயம். என் அத்தை பெண்ணுக்கும் பிறகுதான் பிடித்திருக்கும். நடுவில் உள்ளவர்கள், இருபத்தாறாவதாக நிற்கும் கதைக்காரர்கள், நம் கையிலும் அடிபட்டுத்தான் போனார்கள். பழைய இதழ்களைப் புரட்டினால் ஒரே ஒரு நல்ல கதை எழுதிவிட்டு மதிப்புரைகூட இல்லாமல் மறைந்துபோன பெயர்கள் தட்டுப்படுகின்றன. அவர்களுக்கு எந்த மூலதனமும் குறுக்கே நிற்கவில்லை. நாம்தான் நின்றோம், அதே பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியரிடம், அடுத்த நான்கு இதழ்களுக்கு அந்த நாலு பெயர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் என்ன, அந்தப் பக்கங்களில் பழைய இதழ்களிலிருந்து தலா ஒரு கதையை, யாரும் கேட்காததை, மறுபிரசுரம் செய்யலாமே என்று கேட்டேன். "அப்புறம் யார் வாங்குவா?" என்றார். அவர் அச்சிடுவது முந்நூறு பிரதி. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு இதழிலும் கடைசியில் இரண்டு மூன்று பக்கம் எப்படியும் மிச்சம் விழுகிறது, அதில் போடலாம், கதையை நீயே தேர்ந்தெடு என்றார். முதல் கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.